ரத்த நோட்டும் எடை நோட்டும்

அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து உடையும் பரம்பரை நோய்) உள்ள குழந்தையிடம் முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. மற்றக் குழந்தைகளைப் போலத்தான் பால் குடிக்கும், தூங்கும், எடை கூடும். அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் கோடு ஒழுங்காக மேலே ஏறும். கருவில் இருந்தபோது உண்டாகும் ஹீமோகுளோபின் வேறு வகை; அதில் அரிவாள் செல் நோயின் கோளாறு கிடையாது. பிறந்த பிறகும் சில மாதங்களுக்கு அது ரத்தத்தில் தங்கிக் குழந்தையைக் காப்பாற்றுகிறது. அது குறைந்து, பெரியவர்களுக்குரிய ஹீமோகுளோபின் அந்த இடத்துக்கு வரும் காலமும், நாம் முதல் வாய் கஞ்சி ஊட்டும் காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் கோடு வளைய ஆரம்பித்ததும் எல்லோரும் கஞ்சிச் சட்டியை எட்டிப் பார்ப்பார்கள். ரத்தத்தைப் பற்றி யாருக்கும் யோசனை போகாது.

"பல்லு முளைக்குது, அதான் இளைக்குது" என்பாள் பாட்டி. பால் பத்தவில்லை என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. "இவ பாட்டுக்கு வேலைக்குப் போயிடுறா, குழந்தையை யாரு பாக்குறா?" என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நடக்கும். டீச்சர் (எங்கள் பக்கம் அங்கன்வாடிப் பணியாளரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்) இன்னொரு சத்துமாவுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "ஒழுங்கா ஊட்டும்மா" என்பார். அந்த 'ஒழுங்கா' என்ற சொல் தாயின் மேல் போய் விழும். ஒரு நாள் குழந்தையின் கைவிரல்களும் பாதங்களும் பொம்மென்று வீங்கி, தொட்டால் வீறிட்டு அழும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் குழந்தைக்கு ஒன்றரை வயது, சில நேரம் இரண்டு. வளர வேண்டிய காலத்தில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

நான் வேலை செய்வது நீலகிரியின் மேற்கு ஓரத்தில், கூடலூர், பந்தலூர் வட்டங்களில். இரண்டு மலை இறங்கினால் வயநாடு. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என்று பல பழங்குடி மக்கள் வாழும் பகுதி. இங்கே 'சிக்கிள் செல்' என்கிற இந்த அரிவாள் செல் நோயை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஊருக்கு ஒரு வீட்டிலாவது அந்தப் பேச்சு இருக்கும். என் வேலை சாப்பாடு சம்பந்தப்பட்டது. யார் என்ன சாப்பிடுகிறார்கள், குழந்தைக்கு என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்று கேட்டு எழுதி, கூடவே உட்கார்ந்து சமைத்துக் காட்டுவது.

இத்தனை காலத்தில் எனக்குப் பட்டது இதுதான். அரிவாள் செல் உள்ள ஒரு சின்னக் குழந்தையைப் பற்றி இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஆஸ்பத்திரியில்: ஹீமோகுளோபின் எவ்வளவு, வலி எத்தனை தடவை வந்தது, ரத்தம் ஏற்றினார்களா, என்ன மாத்திரை. இன்னொன்று அங்கன்வாடியில்: எடை, உயரம், புஜத்தின் சுற்றளவு. ரத்த நோட்டில் எடைக்கான கட்டம் பல நேரம் காலியாக இருக்கும். எடை நோட்டில் நோய்க்குக் கட்டமே இல்லை. குழந்தை இரண்டுக்கும் நடுவில் இளைத்துக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி பிறந்ததே இந்த மலையில்தான். 1918-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாக அதைத் தொடங்கினார். பின்னாளில் இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். பஞ்சாபின் சீக்கியர் உணவில் எலிகள் கொழுகொழுவென்று வளர, நம் மதராஸ் அரிசிச் சாப்பாட்டில் இளைத்துப் போயின. அந்தக் குன்னூர் அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபோய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அது இன்னும் குன்னூரில் இருந்தபோதே, 1952-இல், ரத்த ஆய்வாளர்களான ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் செல் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்று அதுவரை நினைத்திருந்த ஒன்று தென்னிந்தியாவிலும் இருப்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. சாப்பாட்டு அறிவியலும் இந்த ரத்த நோயின் இந்திய வரலாறும் ஒரே மலையில் தொடங்கியவை. ஆனாலும் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவது இன்றும் அபூர்வம்.

சரி, இந்தக் குழந்தை ஏன் இளைக்கிறது?

நல்ல ரத்தச் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். இந்த நோயில் அது பத்து, இருபது நாளில் உடைந்துவிடுகிறது. உடைந்ததற்கு ஈடு கொடுக்க எலும்பு மஜ்ஜை ராப்பகலாகப் புது அணுக்களைத் தயாரிக்க வேண்டும். அதற்குப் புரதம் வேண்டும், ஃபோலிக் அமிலம் வேண்டும், எரிபொருள் வேண்டும். ரத்தசோகையைச் சமாளிக்க இதயமும் வேகமாக அடிக்க வேண்டும். அதனால் இந்தக் குழந்தை ஓடி விளையாடாமல், பாயில் சும்மா படுத்திருந்தால்கூட மற்றக் குழந்தையைவிட அதிகமாகச் செலவழிக்கிறது. ஜமைக்காவில் செய்த ஆய்வுகளில் இவர்கள் உடலில் புரதம் உடைவதும் கட்டப்படுவதும் மற்றவர்களைவிட வேகமாக நடப்பதைக் காட்டினார்கள். சம்பளம் கைக்கு வந்த அன்றே பாதி வட்டிக்குப் போய்விடும் குடும்பம் போல. அந்த வீட்டில் யாரும் ஊதாரி இல்லை. வருவது குறைவு என்றும் சொல்ல முடியாது. ஆனால் மிச்சம் எதுவும் நிற்பதில்லை. வளர்ச்சி என்பது அந்த மிச்சத்தில் நடப்பது.

செலவு அதிகமாக இருக்கும்போதே வரவும் குறைகிறது. காய்ச்சல் வந்தால், வலி வந்தால், குழந்தை சாப்பிடாது. அது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இந்த நோயில் அந்த நாட்கள் அடிக்கடி வரும். ஒரு வலி அடங்கி, நாக்கில் ருசி திரும்பி, நாலு நாள் நன்றாகச் சாப்பிடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். துத்தநாகம் என்கிற ஜிங்க் சிறுநீரில் அதிகமாக வெளியேறுகிறது. அது குறைந்தால் பசியும் குறையும், வளர்ச்சியும் தடைப்படும். பிலடெல்பியாவில் இந்த நோயுள்ள நான்கிலிருந்து பத்து வயதுக் குழந்தைகளுக்குத் தினம் 10 மில்லிகிராம் ஜிங்க் ஓராண்டு கொடுத்துப் பார்த்ததில், அதைச் சாப்பிட்டவர்கள் கூடுதலாக உயர்ந்தார்கள்; அந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது.

அதற்கும் முன்னால், 1985-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சின்ன ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மிகவும் வளர்ச்சி குன்றிய சில குழந்தைகளுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு, கூடுதல் உணவு கொடுத்தார்கள். எடையும் உயரமும் கூடின. அதோடு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைந்தது. மிகச் சிலரை மட்டும் வைத்துச் செய்தது, அதை வைத்துப் பெரிய முடிவெல்லாம் எடுக்க முடியாது. ஆனால் சாப்பாட்டை மருந்துச் சீட்டில் எழுதலாம் என்ற தைரியத்தை எனக்குக் கொடுத்தது அதுதான். 'நல்ல சத்தான ஆகாரம் கொடுங்கள்' என்று சீட்டின் கடைசியில் கிறுக்குவதைச் சொல்லவில்லை. எத்தனை கரண்டி, எத்தனை வேளை, எவ்வளவு எண்ணெய் என்று எழுதுவதைச் சொல்கிறேன்.

இப்போது கஞ்சிக்கு வருகிறேன். என் பகை எல்லாம் தண்ணிக் கஞ்சியோடுதான்.

ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். தாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. குழந்தைக்குப் பத்தாவது மாதம், ஆறு கிலோ. அடுப்பில் ரேஷன் அரிசிக் கஞ்சி. பாட்டி மேலாக இருந்த தண்ணீரை மொண்டு, உப்புப் போட்டு, குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடியில் இருந்த சோறு பெரியவர்களுக்கு.

"கெட்டியாக் குடுத்தா செமிக்காது டீச்சர்" என்றார் பாட்டி. நான் டீச்சர் இல்லை என்று சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.

"பேதி ஆவும்னு பயமா அம்மா?"

"வயிறு ஏற்கெனவே இப்பிடி வீங்கிக் கெடக்கு. இன்னும் கெட்டியாக் குடுக்கச் சொல்றீங்களே."

பாட்டி சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு. குழந்தையின் இரைப்பை ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 30 மில்லி அளவில் கொள்ளும். ஆறு கிலோ குழந்தை என்றால் 180 மில்லி, அதாவது ஒரு சின்னக் கிண்ணம். பத்துக்கு ஒரு பங்கு மாவு போட்ட நீர்த்த கஞ்சியில் அந்தக் கிண்ணம் நிறைய ஊட்டினாலும் அறுபது கலோரிதான் உள்ளே போகும். மேலாக மொண்ட தண்ணீரில் அதுவும் இல்லை. அதே கிண்ணத்தில் இரண்டு பங்கு மாவு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஒரு கரண்டி வறுத்த நிலக்கடலைப் பொடி என்றால் இருநூறைத் தொடும். தாய்ப்பால் குடிக்கும் 9 முதல் 11 மாதக் குழந்தைக்கு, பால் தவிர உணவிலிருந்து நாளைக்கு 300 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 550. அது நோய் இல்லாத குழந்தைக்கு. தண்ணிக் கஞ்சியில் 300-ஐ எட்ட ஐந்து கிண்ணம் ஊட்ட வேண்டும். வயலுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போகிற வீட்டில் யார் ஊட்டுவது?

ஆனால் வெறுமனே மாவைக் கூட்டினால் கஞ்சி களியாகிவிடும். பல் முளைக்காத வாயில் களி இறங்காது, குழந்தை துப்பிவிடும், பாட்டி "பாத்தீங்களா" என்பார். இதற்குத்தான் முளைகட்டிய கேழ்வரகு. கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் காயவைத்து, அரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். கருக வறுக்கக் கூடாது. வறுத்தால் அதிலுள்ள நொதி செத்துப்போகும், வாசனை மட்டும் மிஞ்சும். களி பதத்துக்குக் கிண்டிய கஞ்சியை இறக்கி, கொதி அடங்கியதும் இந்த மாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கிண்டினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகும். கரண்டியில் கட்டியாக நின்றது சொட்டு சொட்டாக வழிய ஆரம்பிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, சத்து அப்படியே இருக்கிறது. மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டு ஆறவைத்து ஊட்டலாம். பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர் இதைச் சோதனைச்சாலையிலும் வீடுகளிலும் செய்து காட்டினார்கள். நம் பாட்டிமார்களும் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சியவர்கள்தான். ரேஷனில் அரிசி வந்தது, கேழ்வரகு போனது, அதோடு இந்தப் பழக்கமும் போனது.

அன்று அந்தப் பாட்டி கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, தானே கிண்டிப் பார்த்து, "இது என்ன மாயம்" என்று மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அரை மணி நேரம் பேசியதைவிட அந்த இளகல் அதிகம் பேசியது.

இப்போது பாட்டியின் நியாயம். வயிறு வீங்கிக் கிடந்தது உண்மைதான், ஆனால் அது செரிமானக் கோளாறால் வந்த வீக்கம் இல்லை. மண்ணீரல். இடது விலாவுக்குக் கீழே, வளைந்த அணுக்கள் அடைத்து அடைத்து, அது பெருத்துப்போகும். நம் நாட்டில் காணப்படும் வகையில் மண்ணீரல் பெரிதாகவே நெடுநாள் இருந்துவிடுவதும் உண்டு. பெருத்த மண்ணீரல் பக்கத்திலிருக்கும் இரைப்பையை அழுத்தும். நாலு வாயில் குழந்தைக்கு வயிறு நிறைந்ததுபோல் ஆகிவிடும். அதனால்தான் மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கு இவர்களுக்குச் சரிவராது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை, ஒவ்வொரு வாயிலும் சத்து அடர்த்தியாக. தராசையும் இந்த வயிறு ஏமாற்றும். கைகால் குச்சியாக இருக்கும், பெருத்த ஈரலும் மண்ணீரலும் எடையைத் தாங்கிப் பிடிக்கும். புஜத்தில் நாடாவைச் சுற்றினால் உண்மை தெரியும்: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, 12.5-க்குக் கீழே என்றால் மிதமானது.

மண்ணீரலைத் தடவிப் பார்க்கத் தாய்க்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை இல்லை, நர்ஸின் வேலை. ஆனாலும் கஞ்சி பேசப் போகும்போது அதையும் சொல்லாமல் வருவதில்லை. ஜமைக்காவில் பெற்றோருக்கு இதைக் கற்றுக்கொடுத்ததில் சாவுகள் குறைந்தன. திடீரென்று மண்ணீரல் பெரிதாகி, குழந்தை வெளிறி, துவண்டுபோனால், உடலின் ரத்தம் அங்கே போய்த் தேங்குகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் அப்படித்தான், இந்தக் குழந்தைக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாது, கிருமி ரத்தத்தில் பரவச் சில மணி நேரம் போதும். ஐந்து வயது வரை தினம் இரண்டு வேளை பெனிசிலின் கொடுக்கச் சொல்வது அதற்காக. 1986-இல் வந்த அமெரிக்க ஆய்வில் நிமோகாக்கஸ் என்ற கிருமியின் தொற்று அதனால் 84 சதவீதம் குறைந்தது. மருந்து, தடுப்பூசி, கஞ்சி மூன்றும் ஒன்றையொன்று தாங்குபவை. தொற்று வராவிட்டால் பசி போகாது.

தண்ணீர். இந்தக் குழந்தைகளின் சிறுநீரகத்தால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நிறையப் போகும். பாயை நனைக்கிறது என்று அடி வாங்கும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அது சேட்டை இல்லை, நோயின் ஒரு பாகம். உடலில் நீர் வற்றினால் அணுக்கள் அரிவாளாக வளைந்து குழாயை அடைக்கும், வலி வரும். எங்கள் ஊரில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை விடாது. குளிரில் யாருக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றும்? குளிரும் வலியைக் கூட்டும். வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சித் தண்ணீர், ரசம், மோர் என்று எந்த உருவத்திலாவது உள்ளே போக வேண்டும். போவது என்னவோ கட்டன் சாயா. விடிகாலையில் பால் இல்லாத சர்க்கரை டீயும் இரண்டு பிஸ்கட்டும் இரண்டு வயதுக் குழந்தைக்குக் காலைச் சாப்பாடாக ஓடுவது இங்கே சாதாரணம். பசியை அடக்கும், ஒன்றும் கொடுக்காது, உணவிலுள்ள இரும்புச்சத்தையும் உடலில் சேரவிடாது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு டீயை விடு என்று சொல்வது கஷ்டமான காரியம். நான் விடச் சொல்வதில்லை. முதலில் முட்டை, அப்புறம் டீ என்று வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

இரும்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்லெண்ணத்தில் தவறு நடக்கிறது. ரத்தசோகை என்றாலே இரும்புச்சத்து டானிக் என்பது நம் பொதுப் புத்தி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை இரும்பு, ஃபோலிக் அமில சிரப் கொடுப்பது அரசுத் திட்டம். பொதுவாக நல்ல திட்டம். ஆனால் அரிவாள் செல் குழந்தைக்கு ரத்தம் குறைவது இரும்பு இல்லாததால் இல்லை, அணு உடைவதால். உடைந்த அணுவின் இரும்பு உடலுக்குள்ளேயே திரும்பப் பயன்படும். ரத்தம் ஏற்றிய குழந்தை என்றால் இரும்பு தேவைக்கு மேலேயே சேர்ந்திருக்கும். அதே நேரம் நம் ஏழைக் குழந்தைகளுக்கு உண்மையான இரும்புக் குறையும் கூடவே இருக்கலாம். அதனால் பரிசோதித்துப் பார்த்து டாக்டர் சொன்னால் மட்டும். காய்ச்சல் நேரத்தில் ஃபெர்ரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்) அளவு கூடிக் காட்டும், நல்ல நாளில் எடுத்த ரத்தம்தான் உண்மை பேசும். மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் பச்சரிசியையும் தின்னும் பழக்கம் இந்தக் குழந்தைகளிடம் அதிகம். திட்டுவதற்கு முன் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஃபோலிக் அமிலம் மட்டும் தனி மாத்திரையாகத் தினமும் எழுதித் தருவார்கள், அதை இந்த சிரப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இங்கே இருப்பது லேசான வகைதானே என்று சிலர் சொல்வதுண்டு. இந்தியாவில் காணப்படும் மரபு வகையில் கருவில் உண்டாகும் அந்தச் சிசு ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆப்பிரிக்க வகைகளைவிட நோய் தணிந்து தெரியும் என்பது உண்மை. ஆனால் நாக்பூரில் பிறந்ததிலிருந்தே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள் அத்தனை லேசாக இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வயிறு நிறையாத வீட்டில் எந்த வகையும் லேசு இல்லை.

வயிறு ஏன் நிறையவில்லை என்று கேட்டால் அது நீண்ட கதை. பணியர்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். அந்த வயலில்தான் நண்டும் சின்ன மீனும் பலவகைக் கீரையும் காசில்லாமல் கிடைத்தன. நெல் வயல் வாழைத் தோட்டமாகி மருந்தடிக்க ஆரம்பித்த இடங்களில் நண்டும் இல்லை, பிடுங்கிச் சமைக்கிற கீரையும் இல்லை. காட்டுக் கிழங்கு தோண்டப் போனால் வனத்துறையைக் கேட்க வேண்டும், யானையைப் பார்க்க வேண்டும். தாய் காலை எட்டு மணிக்கு இலை பறிக்கப் போனால் மாலைதான் வருவாள். இந்த நிலைமையில் அவளிடம் 'விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு நண்டுச் சாற்றில் இருந்த புரதத்தை எந்த விழிப்புணர்வு முகாமும் திருப்பித் தராது.

இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? நம் மாநிலத்தில் நிறையவே இருக்கிறது. அங்கன்வாடியில் சத்துமாவு, இரண்டு வயதுக்கு மேல் வாரத்துக்கு மூன்று முட்டை. முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம், எழுபது கலோரி. இந்தக் குழந்தைகளுக்கு ஏழு நாளும் கொடுத்தால் என்ன என்பது என் ஆசை. 2022 மே மாதம் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்ததும் இதே நீலகிரியில்தான். கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளைக் கண்டுபிடித்துச் சிறப்பு உணவு கொடுப்பது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு, 2023 ஜூலை 1 அன்று, மத்தியப் பிரதேசம் ஷாடோலில் அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைப் பிரதமர் தொடங்கினார். நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் ஒழிப்பது இலக்கு. ஒரு திட்டம் எடை நோட்டுக்கு, ஒரு திட்டம் ரத்த நோட்டுக்கு. இரண்டுமே தேவைதான். ஆனால் முதல் திட்டம் குழந்தை இளைத்த பிறகு வருகிறது, இரண்டாவது ரத்தத்தைப் பார்த்துவிட்டு அட்டை கொடுத்து அனுப்புகிறது. 'இந்தக் குழந்தைக்கு அரிவாள் செல், எட்டாவது மாதத்திலிருந்தே கூடுதல் உணவு கொடு, இளைக்கும் வரை காத்திருக்காதே' என்று சொல்லும் ஒரு வரி இரண்டிலும் இருந்தால் போதும். இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு அலுவலகங்களின் விஷயம் இது.

எங்கள் பக்கம் சில ஊர்களில் சுகாதாரப் பணியாளர்களே இதைச் செய்துவிட்டார்கள். அங்கன்வாடி அட்டையின் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு அரிவாள் வரைந்து வைக்கிறார்கள். அந்தப் படம் உள்ள குழந்தைக்கு மாதா மாதம் புஜம் அளந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அந்த அளவைத் துண்டுச் சீட்டில் எழுதித் தாயிடம் கொடுத்தனுப்புகிறார்கள். டாக்டருக்கும் அது தேவைப்படுகிறது, ஏனென்றால் இந்த நோய்க்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை எடைக்குத் தகுந்த அளவில்தான் கொடுக்க வேண்டும். ஒன்பது மாதக் குழந்தை முதலே அது பயன் தரும் என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. வலி குறையும், விரல் வீக்கம் குறையும், சாப்பிடுகிற நாட்கள் கூடும். காய்ச்சலோ வலியோ வந்து போனால் அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். இழந்ததைப் பிடிக்க வேறு நேரம் கிடைக்காது.

ஐந்து வயதானதும் அங்கன்வாடி முடிந்துவிடும், நாடாவும் முடிந்துவிடும். நோய் முடிவதில்லை. நைஜீரியாவின் கானோவில் ஐந்திலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள அரிவாள் செல் குழந்தைகளிடம் கடும் ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டு, வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை உணவு கொடுக்க முடியுமா என்று தனியாக ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. அந்த வயதுக்கு வழிகாட்டு நெறிகள் போதவில்லை. நம் பள்ளிகளில் காலை உணவும் மதிய உணவும் கிடைக்கின்றன, அது பெரிய பலம். ஆனால் அங்கே யாரும் புஜம் அளப்பதில்லை, யாருக்குச் சிக்கிள் செல் என்றும் தெரியாது.

அதனால் முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளுக்குத் தலைமை ஆசிரியர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். பையில் தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும், பாடம் நடக்கும்போதும் குடிக்க விடுங்கள். ஒன்றுக்குப் போகக் கேட்டால் உடனே அனுப்புங்கள். மழையில் நனைந்து வந்தால் மாற்றுத்துணி கொடுங்கள், பின்வாசலில் உட்காரவைக்காதீர்கள். சத்துணவில் ஒரு முட்டை மிஞ்சினால் இந்தக் குழந்தைக்கு. கடந்த ஆண்டு இதை வாங்கிப் படித்து, மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்ட ஒரு தலைமை ஆசிரியர் இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். ஜூனில் பள்ளி திறந்ததும் புது ஆளிடம் மறுபடி போக வேண்டும்.